சண்டி தின்னவில்லை

மார்ச் 2

விஞ்ஞானி அக்காவுக்கு,

போன வாரம் சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நின்றபோது ரேடியோவில் உன் குரல் வந்தது. மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறேன். சளி பிடித்திருக்கிறது போல. எல்லாரும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தோம். "மாடு விடற ஏப்பத்துல மீத்தேன் இருக்கு, அது பூமியைச் சூடாக்குது. சின்ன ரக மாடு ஒரு லிட்டர் பாலுக்கு விடற ஏப்பம், பெரிய மாட்டைவிட ரெண்டு பங்கு" என்றாய். அதோடு விட்டாயா? "அதெல்லாம் பால் மாடு இல்ல, ஏப்ப மாடு" என்று சொல்லிச் சிரித்தாய். பேட்டி எடுத்தவனும் சிரித்தான். பக்கத்தில் நின்றவள் "உங்க அக்காதானே?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்று கால்நடைத் துறையிலிருந்து ஒருவன் வந்தான். உன் ஆய்வு முடிவு வந்ததும் இந்தப் பக்கத்துச் சின்ன ரக மாடுகளையெல்லாம் துறையே எடுத்துக்கொள்ளுமாம். எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த ஒன்பது மாடுகள்தான். போன கோடையில் பெரிய மாடு வைத்திருந்தவர்கள் வீட்டில் எத்தனை மாடு நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்தது, தெரியுமா? என் கொட்டகையில் ஒன்றுகூடச் சாகவில்லை. செத்த மாடு எத்தனை லிட்டர் கறக்கும், அதையும் ரேடியோவில் சொல்லேன்.

என் மாட்டில் ஒன்றை அனுப்புகிறேன். அளந்து பார். சூட்டில் நிறுத்தியும் பார். பார்த்துவிட்டுப் பேசு.

போன் பண்ணினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். அதனால்தான் பால் வண்டி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் ஆராய்ச்சி நிலையத்து வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறாராம்.

இப்படிக்கு
ஏப்ப மாட்டுக்காரி


மார்ச் 6

தங்கச்சிக்கு,

அம்மா செத்த வீட்டில் நான் உள்ளே நுழைந்ததும், "விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்று நீ சொன்னாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மூன்று வருஷமாக எழுந்திருக்காமல் இருக்கிறேன். நீயாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. காரியம் இருந்தால் கடுதாசி வரும் போல.

மாட்டை அனுப்பு. உனக்காகச் சொல்லவில்லை. இதுவரை நான் அளந்த சின்ன ரக மாடுகள் எல்லாம் இந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே பிறந்து வளர்ந்தவை. வீட்டு மாடு ஒன்றுகூட இல்லை என்பது என் ஆய்வில் ஒரு ஓட்டை. உன் மாடு அதை அடைக்கும். ஒன்றே ஒன்று என்பதால் அதன் அளவுக்கு முடிவில் பெரிய இடம் இருக்கும். அதையும் யோசித்துக்கொண்டு அனுப்பு.

முறை இதுதான். முதலில் சில நாள் தனித் தொழுவத்தில் கட்டிப் பழக்குவோம். பிறகு கண்ணாடி அறை. காற்று ஒரு குழாயில் உள்ளே போகும், மறு குழாயில் வெளியே வரும். வெளியே வரும் காற்றில் எவ்வளவு மீத்தேன் என்று கருவி சொல்லும். அதே அறையைச் சூடாக்கினால் வெயிலைத் தாங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். மாட்டுக்கு வலி கிடையாது. தனிமைதான்.

ஒரு மாடு எவ்வளவு தின்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் ஏப்பம். குறைவாகத் தின்றால் குறைவாக விடும். ஆகவே வழக்கமாக என்ன தீவனம், எவ்வளவு, எப்படி வைப்பாய் என்று விவரமாக எழுதி அனுப்பு. "மாடு மாதிரி தின்னும்" என்று எழுதாதே.

உன்னைப் படிக்க வைத்ததே மாட்டுப் பால்தான் என்ற பாட்டை இந்தத் தடவை பாடாமல் விட்டதற்கு நன்றி.

அக்கா


மார்ச் 10

அக்கா,

சண்டி வருகிறாள். பேருக்கு ஏற்ற குணம். வண்டியில் ஏற்றுவதற்குள் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவளுடைய ஜோடி மூளி, ஒரு காது பாதி இல்லாதவள், வண்டி திரும்பும்வரை கத்தினாள்.

தீவனம்: காலையில் தவிடும் பருத்திக்கொட்டையும் கலந்து ஒரு வாளி. மத்தியானம் பச்சைப் புல். சாயங்காலம் இன்னொரு வாளி. அப்புறம் வைக்கோல். எப்படி வைப்பேன் என்றால், கையால்தான் வைப்பேன். மாடு மாதிரி தின்னும்.

பால் அளவுக்கு சொசைட்டிச் சீட்டுகளை ஒரு வருஷத்துக்கு உள்ளதைக் கட்டி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சண்டியின் பங்கைத் தனியாகக் குறித்திருக்கிறேன். இதுதான் சண்டியின் பால். இந்தப் பாலையும் உன் கருவி சொல்லும் ஏப்பத்தையும் வைத்து வகுத்துக்கொள். எனக்கும் வகுத்தல் தெரியும். அம்மா உனக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாலு நாளைக்கு ஒரு தடவையாவது அவள் மடியைத் தடவிப் பார். பனிக்காற்று பட்டால் காம்பு வெடிக்கும்.

தங்கச்சி


மார்ச் 19

தங்கச்சிக்கு,

உன் மாடு தின்னவில்லை. வாளியை வைத்தால் முகர்கிறது, ஆளைப் பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கால் வாளிகூட உள்ளே போகவில்லை. புல்லை மட்டும் சும்மா கடிக்கிறது. இங்கே தீவனம் வைக்கும் ஆள் பரம சாது. மாட்டிடம் "சாப்பிடு அம்மா, சாப்பிடு" என்று கெஞ்சுகிறார். அவர் மனைவியிடம்கூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்.

எங்கள் மாட்டு டாக்டர் வாய், பல், வயிறு எல்லாம் பார்த்தார். நோய் எதுவும் இல்லை என்கிறார். தீவனத்தை மாற்றிப் பார்த்தோம். வாளியைக்கூட மாற்றினோம்.

நேற்று கண்ணாடி அறைக்குள் விட்டு ஒத்திகை பார்த்தோம். மீத்தேன் அளவைப் பார்த்து நான் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். நான் அளந்த எந்த மாடும் இவ்வளவு குறைவாக விட்டதில்லை. தின்னாமல் இருந்தால் பின்னே என்ன வரும்.

உன் கொட்டகையில் இது எப்படித் தின்னும்? ஏதாவது விசேஷப் பழக்கம் உண்டா? யாராவது பக்கத்தில் நிற்க வேண்டுமா? யோசித்து எழுது. இது விளையாட்டில்லை.

அக்கா

மடியைத் தடவிப் பார்த்தேன். காம்பு நன்றாக இருக்கிறது.


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

உன் கருவி கெடவில்லை. என் மாடு அப்படித்தான். ரேடியோவைக் கூப்பிட்டு இதையும் சொல்.

விசேஷப் பழக்கம் ஒன்றும் கிடையாது. புது இடம், புது முகம், பழகினால் சரியாகிவிடும். எந்த மாடு முதல் நாளே மாமியார் வீட்டில் வயிறாரத் தின்றிருக்கிறது? நீ அளக்க வேண்டியதை அளந்து முடி. தள்ளிப்போடாதே. துறைக்காரன் மறுபடியும் வந்தான். எடுக்கப்போகும் மாட்டின் காதில் மாட்டும் வில்லைகளைப் பையில் வைத்திருக்கிறான். மூளிக்கு எந்தக் காதில் மாட்டுவது என்று என்னையே கேட்டான்.

சூட்டில் வைக்கும் சோதனையையும் விடாதே. அதில்தான் அவள் உன் பெரிய மாடுகளின் மானத்தை வாங்குவாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு குறைவாக விட்டதில்லை என்ற இடத்தை மட்டும் இன்னும் ஒரு தடவை.

தங்கச்சி


மார்ச் 27

தங்கச்சிக்கு,

மாட்டு டாக்டர் இன்று என் அறைக்கு வந்து, "மேடம், இதை வீட்டுக்கு அனுப்பிடுங்க. இந்த உடம்போட சூட்டுல நிறுத்தினா தாங்காது" என்றார். உன் மாடு நோஞ்சலாகிவிட்டது. விலா எலும்பு தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தால் அதன் முதுகுதான் தெரிகிறது.

உரிமையாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். நீதான் உரிமையாளர். ஆகவே கேட்கிறேன்.

சின்ன வயதில் நீ கோபம் வந்தால் சாப்பிட மாட்டாய். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவாய். நான் என் தட்டைக் காலி பண்ணிவிட்டுக் கழுவி வைத்துவிடுவேன். அம்மா என் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாள். உன்னிடம்தான் போவாள். என்ன செய்து உன்னைத் தின்ன வைப்பாள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது.

ஏதாவது தெரிந்தால் இப்போதாவது சொல். தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. திங்கட்கிழமை சூட்டுச் சோதனை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். நிறுத்தினால் இந்த மாட்டின் அளவு எதுவும் கணக்கில் வராது. பழைய முடிவே நிற்கும்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

என் மாட்டை எனக்குத் தெரியும். நாலு நாள் பட்டினியில் சாகிற ஜாதி இல்லை அது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள், ஆனால் மாடு தின்னும். சோதனையை நிறுத்தாதே.

அம்மாவை எதற்கு இதில் இழுக்கிறாய்?

மூளி இரண்டு நாளாகப் பாதி வாளிதான் தின்கிறாள். வாசல் பக்கமே தலையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். திங்கட்கிழமை முடிந்ததும் உடனே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடு. வந்ததும் நான் தின்ன வைத்துக்கொள்கிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

சண்டி நேற்று மத்தியானம் கண்ணாடி அறையில் செத்துப்போனாள்.

இங்கே உள்ள பெரிய மாடுகள் அந்தச் சூட்டில் ஒரு பொழுதுக்குள் வாயைப் பிளந்துவிடும், வெளியே எடுத்துவிடுவோம். உன் மாடு அரை வயிறுகூட இல்லாமல் மூன்றாம் நாள்வரை நின்றது. நின்றுகொண்டே இருந்ததால்தான் யாருக்கும் கதவைத் திறக்கத் தோன்றவில்லை. பிறகு முன்னங்காலை மடித்தது. டாக்டர் உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது.

இனி நீ தெரிந்துகொள்ள வேண்டியது. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினால் உனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன்.

குறைவாகத் தின்றால் குறைவாக ஏப்பம் விடும் என்று நான் எழுதினேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். ஏப்பம் குறைந்தால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாய். ஆனால் நீ கட்டி அனுப்பிய சொசைட்டிச் சீட்டை நாங்கள் தொடுவதில்லை. அறைக்குள் இருக்கும் நாளில் கறந்த பாலால்தான் வகுப்போம். தின்னாத மாடு கறக்குமா? கடைசியில் ஒரு கிண்ணம் பால். ஏப்பம் பாதியானது, பால் பத்தில் ஒன்றாகிவிட்டது. வகுத்துப் பார், உனக்குத்தான் வகுத்தல் தெரியுமே. நான் அளந்த மாடுகளிலேயே லிட்டருக்கு மிக அதிகமாக ஏப்பம் விட்ட மாடு உன் சண்டிதான். அந்த அளவு முடிவில் ஏறிவிட்டது.

சீட்டு வந்த அன்றே நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ முதலில் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இன்னொன்று. மார்ச் 27 காலையில் தீவனக்காரரை வெளியே அனுப்பிவிட்டு நானே வாளியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா உன்னைத் தின்ன வைக்கச் சொல்வாளே, அதைச் சொன்னேன். "வந்துட்டியா மகாராணி, உனக்கு யாரு இங்க வெத்தலபாக்கு வெச்சு அழைச்சாங்க" என்று உரக்கத் திட்டினேன். சண்டி காதை ஆட்டினாள். வாளி முழுவதையும் தின்றுவிட்டு என் புடவையை நக்கினாள். நீ ஏன் விவரம் எழுதவில்லை என்று அப்போது புரிந்தது. அம்மா உன்னைத் திட்டியபடியே நீ மாட்டைத் திட்டி வளர்த்திருக்கிறாய். திட்டினால்தான் அது தின்னும்.

அன்று சாயங்காலம்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மறுநாள் உன் பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் வாளியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அக்கா


ஏப்ரல் 5

நீ கொன்றாய்.

நான் பட்டினி போட்டேன், சரி. நாலு நாள் பட்டினி என்றுதான் போட்டேன். வீட்டுக்கு வந்தால் தேற்றிவிடலாம் என்று போட்டேன். ஒன்பதையும் காப்பாற்ற ஒன்றை வாட்டினேன். நீ எதைக் காப்பாற்ற? கையில் வாளி இருந்தது, வாயில் வார்த்தை இருந்தது, ஜன்னலில் முதுகு தெரிந்தது. உன் தங்கச்சி தோற்றேன் என்று எழுதுவாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இவ்வளவு படித்தும் உன் கணக்கு சின்னப் பிள்ளைக் கணக்கு.

அம்மா என்னைத் திட்டினாள் என்று உனக்கு இன்னுமா பொறாமை? அந்தத் திட்டு முழுக்க உனக்கே தானமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்.

அவளை எங்கே புதைத்தீர்கள் என்றுகூட நீ எழுதவில்லை.

மீதி எட்டு இருக்கிறது. என் மாடு மட்டுமில்லை. இந்தப் பக்கத்தில் சின்ன ரக மாடு வைத்திருக்கும் அத்தனை வீட்டுக்காரர்களும் சொசைட்டி வரிசையில் என்னைப் பார்த்து, "அக்காகிட்ட மாடு போயிருக்குல்ல, நல்ல சேதி வரும்ல" என்று கேட்கிறார்கள். பிச்சையாகக் கேட்கிறேன். அந்த அளவை எடுத்துவிடு.


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

புதைக்கவில்லை. அறுத்து வயிற்றைப் பார்ப்பார்கள். அதுதான் இங்கே முறை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

அளவை நானாக எடுக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது. மாடு தின்னாமல் போனதற்குக் காரணம் அதன் ரகம் இல்லை, அதை வைத்துக்கொண்ட முறை என்று நிரூபணம் வந்தால் ஏப்ப அளவு செல்லாது; சூட்டில் நின்ற நேரம் மட்டும் நிற்கும். அத்தோடு ஆய்வே ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதற்குள் சூட்டுச் சோதனையின் முடிவும் சேர்ந்துவிடும். மூன்றாம் நாள்வரை நின்ற மாட்டை ஏப்ப மாடு என்று யாரும் சிரிக்க முடியாது. மாடுகளை எடுத்துக்கொள்ளும் திட்டம் அப்படியே நின்றுபோகலாம்.

நிரூபணம் நீதான் தர வேண்டும். மாட்டைத் தின்ன வைக்கும் முறை தெரிந்தும் மறைத்தேன் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இருபதாம் தேதிக்குள் வர வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 11

ஆராய்ச்சி நிலையத்துக்கு,

சண்டி என்ற என் மாடு, திட்டிக்கொண்டே வாளி வைத்தால்தான் தின்னும். இது எனக்குத் தெரியும். ஏப்பம் குறைந்தால் என் மாடுகள் தப்பிக்கும் என்று நினைத்து, கேட்டபோதும் சொல்லாமல் மறைத்தேன். மாடு தின்னாததற்கு அதன் ரகம் காரணம் இல்லை. இந்த முறை என் அக்காவுக்கும் மார்ச் 27 முதல் தெரியும். ஒரு தடவை செய்தும் பார்த்தாள்.

இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(கையெழுத்து)

அக்கா, கேட்டது வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடு.


ஏப்ரல் 13

தங்கச்சிக்கு,

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்னைப் பற்றிய இரண்டு வரியை எடுத்துவிட்டு எழுது. "இந்த முறை என் அக்காவுக்கும்" என்பதிலிருந்து.

அந்த வரியோடு கொடுத்தால் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள். என் அறையைப் பூட்டுவார்கள். இருபது வருஷத்து அளவுகள் அத்தனையும் சந்தேகத்தில் விழும். பூட்டிய அறையிலிருந்து யார் உன் மாடுகளுக்காகப் பேசுவது? நான் உள்ளே இருந்தால்தான் உனக்கு லாபம். கோபத்தைக் கழித்துவிட்டு யோசித்துப் பார்.

உண்மைதான் என்கிறாய். எல்லா உண்மையும் எல்லாத் தாளிலும் ஏற வேண்டியதில்லை. மார்ச் 10 அன்று நீயே செய்து காட்டினாய்.

அக்கா


ஏப்ரல் 17

இந்தா.

நாலு நாள் அந்த இரண்டு வரியோடு மல்லுக்கட்டினேன். எடுக்கக் கூடாது என்று இருந்தேன். இன்று காலை துறைக்காரன் வந்து எட்டு மாட்டுக்கும் காதில் வில்லை மாட்டிவிட்டுப் போனான். மூளிக்கு நல்ல காதில். ரத்தம் வழிந்துகொண்டு நின்றவளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, உன் பேரே இல்லாமல் எழுதினேன்.

சின்ன வயதிலிருந்து உன் தட்டு எப்போதும் சுத்தம்தான், அக்கா.


ஜூன் 3

தங்கச்சிக்கு,

அளவு நீக்கப்பட்டுவிட்டது. ஆய்வு தள்ளிப்போயிற்று. சூட்டில் சண்டி நின்ற நேரத்தைப் பார்த்துவிட்டுத் துறை தன் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. கோடை ஒவ்வொரு வருஷமும் ஏறும்போது, ஏப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, சாகாமல் நிற்பதையும் பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் வந்திருக்கிறது. முதல் கடிதத்தில் நீ எழுதியதுதான். எழுதிய வார்த்தைகள் என்னுடையவை. பாராட்டும் எனக்குத்தான் வந்தது. உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு மாட்டையும் இனி யாரும் தொட மாட்டார்கள்.

உன் வீட்டைத் தவிர. அதை நான் எழுதி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போன வாரம் வண்டி உன் வாசலுக்குத்தான் வந்தது. தெரிந்தே மாட்டைப் பட்டினி போட்டவர் மாடு வைத்திருக்கக் கூடாது என்று துறையில் ஒரு விதி உண்டு. உன் கையெழுத்துதான் ஆதாரம். அந்த விதி எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்பாய். தெரியாது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்பவில்லை.

எட்டையும் இங்கேதான் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். சூட்டைத் தாங்கும் கன்றுகளை உருவாக்க இந்த எட்டும்தான் தாய் மாடுகள். என் பொறுப்பு. என் ஜன்னலுக்கு நேரே.

தின்ன மாட்டேன் என்கின்றன. எட்டும். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்த் திட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு அம்மாவின் அந்த ஒரு வரிதான் தெரியும். சண்டிக்கு அது போதுமாக இருந்தது. இவைகளுக்குப் போதவில்லை. மூளி நான் வாயைத் திறந்தாலே பின்னால் போகிறாள். அடுத்த வரி என்ன என்று அம்மா குரலில் யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. எனக்கு யாரும் திட்டிச் சோறு போட்டதில்லை. சாப்பிட்டேனா என்று கேட்டதும் இல்லை.

உன்னை உள்ளே விட அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மீதியை எழுதி அனுப்பு. நீ எழுதாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எட்டு மாடு.

அக்கா


ஜூன் 4

நேற்று சாயங்காலம்கூடக் காலி வாளியை எடுத்துக்கொண்டு காலிக் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

சொசைட்டி வரிசையில் எல்லாரும் எனக்கு இப்போது வழிவிட்டு நிற்கிறார்கள். அவர்கள் மாடெல்லாம் என்னால் தப்பித்தது என்பதற்காக இல்லை. மாட்டைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்பதற்காக. ஊற்றப் பால் இல்லாமல் அங்கே எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுதாமல் விடலாம் என்று ராத்திரி முழுக்க நினைத்தேன். எட்டும் ஒவ்வொன்றாக உன் ஜன்னலில் விழுவதை நீ பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது நீ செய்கிற வேலை. நான் ஒரு தடவை செய்தேன், போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மூளிக்கு வை. அவள் தின்றால்தான் மற்றவை தின்னும். வாளியை மெதுவாக வைக்காதே, டங்கென்று வை. இடுப்பில் கை. குரல் தெருக்கோடிவரை கேட்க வேண்டும். சும்மா படிக்காதே. மனசாரத் திட்ட வேண்டும், இல்லையென்றால் அவைகளுக்குத் தெரிந்துவிடும்.

"வந்துட்டியா மகாராணி, உனக்கு யாரு இங்க வெத்தலபாக்கு வெச்சு அழைச்சாங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா ஆச்சா. ஊர்ல இல்லாத ரோஷம் உனக்கு. உன் ரோஷத்தைக் கரைச்சுக் குடிச்சா வயிறு ரொம்புமாடி? கூடப் பொறந்தவ செத்தாலும் சரி, நீ ஜெயிக்கணும். ஜெயிச்சு என்ன கண்ட? உன்கிட்ட ஒருத்தி வருவாளா, உனக்கு ஒரு வாய் தண்ணி தருவாளா? கல்லு மாதிரி நிக்கறியே, கல்லுக்குக்கூட மழை பெஞ்சா நனையத் தெரியும். தின்னு. தின்னு தொலை. தின்னுட்டுச் சாவு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நெற்றியைத் தடவ வேண்டும். அம்மா தடவுவாள்.

காலையும் சாயங்காலமும், எட்டு வாளிக்கும், ஒரு நாளும் விடாமல், உன் வாயால் உரக்கச் சொல். அவைகளுக்குக் கேட்டால் போதும். உனக்கும் கேட்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

டிரைவரிடம் இனி எனக்கு எதுவும் கொடுத்தனுப்பாதே. வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.